‘அவனுங்க’ன்னா யாருப்பா?

கேரள எல்லையான வாளையார் தாண்டியதும் பெயர்ப்பலகையில் எழுத்து மாறிவிடும். பேச்சு மாற இன்னும் வெகுதூரம் போக வேண்டும். வேலந்தாவளம், நடுப்புணி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் நெடுகத் தமிழ் புழங்கும் ஊர்கள். கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் பேரம் தமிழில் நடக்கும், அரசு அலுவலகத்திலிருந்து வரும் கடிதம் மலையாளத்தில் இருக்கும். இங்கே வளரும் பையன் தமிழ்வழியில் பத்தாவது முடித்து, பொள்ளாச்சியிலோ கோவையிலோ ஐ.டி.ஐ. படித்து, பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேருவான். பாலக்காட்டில் சிலருக்கு அவன் ‘பாண்டி’, தமிழரை இளக்காரமாகச் சொல்லும் சொல். கோயம்புத்தூர்ப் பட்டறையில் சிலருக்கு அவனே ‘மலையாளத்தான்’.

இந்த வலி உண்மையானது. இதில் யாரும் கற்பனை கலக்க வேண்டியதில்லை. அதை முதலில் காது கொடுத்துக் கேட்பவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வாத்தியாரா, வாலிபால் ஆட வரும் பக்கத்து வீட்டு அண்ணனா, அல்லது டெலிகிராமில் முகம் காட்டாமல் ராத்திரி பதினோரு மணிக்குமேல் பேசுகிற வேறோர் ‘அண்ணனா’?

மதத்தின் பெயரில் ஆள் பிடிப்பவர், சாதியின் பெயரில் பிடிப்பவர், மொழியின் பெயரில் பிடிப்பவர், காட்டுக்குள் துப்பாக்கி தூக்கக் கூப்பிடுபவர் என்று யாராக இருந்தாலும் முதல் வாக்கியம் ஏறக்குறைய ஒன்றுதான். ‘அவனுங்க நம்மள வாழ விடமாட்டானுங்க.’ அந்த ‘அவனுங்க’வுக்குப் பெயரும் இருக்காது, முகவரியும் இருக்காது. இருந்தால் அந்தக் கதையே ஓடாது. தீவிரவாதத் தடுப்பு வேலை என்று பெரிய பெரிய சொற்களில் பேசுகிறோமே, அதன் பாதி, பக்கத்தில் உட்கார்ந்து அமைதியாக ஒன்றைக் கேட்பதுதான்: ‘அவனுங்க’ன்னா யாருப்பா?

இது எங்கோ தொலைவில் நடப்பதல்ல. 1997 நவம்பர் 29 அன்று கோவையில் ஒரு போக்குவரத்துக் காவலர் கொல்லப்பட்டார். அடுத்து வெடித்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். அதற்குப் பழி என்று 1998 பிப்ரவரி 14 அன்று தொடர் குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு சாவும் அடுத்த சாவுக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. 2016-இல் காசர்கோடு, பாலக்காடு மாவட்டங்களிலிருந்து பெண்களும் குழந்தைகளும் உள்பட 21 பேர் ஐ.எஸ். இயக்கத்தை நம்பி ஆப்கானிஸ்தானுக்குப் போனார்கள். 2020 ஜனவரி 8 இரவு தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை சோதனைச் சாவடியில் ஒரு சிறப்பு உதவி ஆய்வாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். சந்தேகிக்கப்பட்டவர்கள் கேரளம் வழியாகத் தப்பிப்போய் ஒரு வாரத்துக்குள் கர்நாடகத்தின் உடுப்பியில் பிடிபட்டார்கள். எல்லை என்பது ஒளிய நினைப்பவனுக்கு எவ்வளவு வசதி என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 2022 ஏப்ரல் 15 அன்று எலப்புள்ளியில் தொழுகை முடிந்து தந்தையுடன் வண்டியில் திரும்பியவரை வெட்டிக் கொன்றார்கள். மறுநாளே பாலக்காடு மேலாமுறியில் எதிர்த்தரப்பைச் சேர்ந்தவரை அவருடைய கடைக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். அதே ஆண்டு அக்டோபர் 23 அன்று கோவை உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் வெடித்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த சிறுவர்கள்.

மதம், கட்சி, சாதி என்று வேறு வேறு நிறம். ஆனால் ஒரு பையனை அந்த இடத்துக்குக் கொண்டுபோன பாதை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. ஒரு சமூகத்தை மட்டும் குறிவைத்து ‘தீவிரவாதத் தடுப்பு’ நடத்துகிற ஊரில், அந்தச் சமூகத்துப் பையன் முதல் நாளே விலகிப்போவான். மற்ற சமூகத்துப் பையன்கள் தங்களிடம் கோளாறே இல்லை என்று நம்பிவிடுவார்கள். இரண்டும் ஆபத்து.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். வறுமை ஒன்றே காரணம் என்ற எண்ணம் சரியல்ல. 2016-இல் போனவர்களில் மருத்துவரும் பொறியியல் படித்தவரும் இருந்தார்கள். வேலை வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது என்பவர்களும், நாலு நல்லொழுக்கப் பேச்சு போட்டால் தீர்ந்தது என்பவர்களும் பையனை ஒருமுறைகூட முழுதாகப் பேசவிட்டவர்கள் அல்லர். அவனுக்கு வேண்டியது மூன்று. உட்கார ஓர் இடம், செய்ய ஒரு பொறுப்பு, தன் பெயரைச் சொல்லி விசாரிக்கிற ஒரு பெரியவர். ஆள் பிடிப்பவன் இந்த மூன்றையும் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுகிறான். கொள்கை பிறகுதான் வருகிறது.

எதைப் பார்ப்பது, எதைப் பார்க்கக் கூடாது

தாடி வைப்பது அடையாளமல்ல. ஐந்து வேளை தொழுவது அடையாளமல்ல. மாலை போடுவது, உருத்திராட்சம் கட்டுவது, கட்சிக்கொடி பிடிப்பது, அம்பேத்கர் படத்தைச் சட்டையில் குத்திக்கொள்வது எதுவுமே அடையாளமல்ல. இவற்றை அடையாளமாக்கிப் பார்க்கிற தடுப்புக் குழு, ஊரில் பாதிப் பேரைச் சந்தேகிக்கும், உண்மையில் சறுக்குகிறவனைத் தவறவிடும்.

பார்க்க வேண்டியது மாற்றத்தை. அதுவும் ஒன்றல்ல, பல மாற்றங்கள் சில வாரங்களுக்குள் சேர்ந்து வருகிறதா என்பதை. பழைய கூட்டாளிகளை ஒரே நேரத்தில் வெட்டிவிடுவது. ஆட்டத்துக்கு வருவதை நிறுத்துவது. பஸ் தாமதமானதிலிருந்து பரீட்சை போனதுவரை எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம் சொல்வது. ஒரு கூட்டத்தாரை மனிதரில் சேர்க்காமல் புழு, நாய், நோய் என்று பேசத் தொடங்குவது. இரண்டாவது சிம். எங்கிருந்து வந்தது என்று சொல்லாத பணம். இவை எல்லாம் இருந்தும் பையனுக்கு வெறும் காதல் தோல்வியாகவோ, போதைப் பழக்கமாகவோ, மனச்சோர்வாகவோ இருக்கலாம். அதனால்தான் முதல் கேள்வி அரசியலைப் பற்றி இருக்கக் கூடாது. உடம்பைப் பற்றி, வேலையைப் பற்றி, தூக்கத்தைப் பற்றி இருக்க வேண்டும்.

அம்மாக்களுக்குத்தான் இது முதலில் தெரியும். அவர்கள் சொல்லும் விதம் இப்படித்தான் இருக்கும்.

“அண்ணா, பையன் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போனையே பாத்துட்டிருக்கானுங்க. கூப்ட்டா எரிஞ்சு விழறான். மின்ன மாதிரி பேச்சே இல்லீங்க.”

“சாப்பிடறானாம்மா? வேலைக்கு ஒழுங்காப் போறானா?”

“போறானுங்க. சம்பளத்தை மட்டும் கையில குடுக்கறதில்லை.”

“கூடப் படிச்ச பசங்க வீட்டுக்கு வர்றாங்களா?”

“ஒருத்தனும் வர்றதில்லீங்கண்ணா.”

இந்த இடத்தில் பெரும்பாலான பெரியவர்கள் செய்யும் தவறு, “போனைப் பிடுங்கி வையும்மா” என்பது. போனைப் பிடுங்கினால் அடுத்த நாள் இன்னொரு போன் வரும். அதை வாங்கித் தருபவன் யார் என்பது அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. அதைவிட, அவனுக்குப் பிடித்த மனிதர் ஒருவரைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் யார் பின்னாலேயே சுற்றினான், யார் திட்டினால் கோபப்பட மாட்டான் என்று கேட்டால் மாமனோ, பழைய பி.டி. வாத்தியாரோ, லேத் பட்டறைக்காரரோ ஒரு பெயர் கட்டாயம் வரும். வழிகாட்டி அந்த மனிதர்தான். மார்க்கம் அறிந்தவர், மெத்தப் படித்தவர் என்று வெளியே தேட வேண்டியதில்லை.

பெயர், தேதி, மணி

அந்த மனிதர் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விவாதம் செய்யக் கூடாது. வேதத்தையோ, வரலாற்றையோ எடுத்து வைத்து மறுக்கக் கூடாது. பையன் நூறு வீடியோ பார்த்துவிட்டு வந்திருப்பான், பதில் தயாராக வைத்திருப்பான். தோற்கடித்தால் முகம் கருகிப்போவான், வழிகாட்டி தோற்றுப்போனால் பையனின் கொள்கை வென்றதாகும். வண்டி பழுது பார்க்கும்போதோ, தென்னந்தோப்பில் இளநீர் வெட்டும்போதோ, கை ஒரு வேலையில் இருக்கும்போது பேசுவது நல்லது. எதிரெதிரே உட்காரவைத்தால் அது விசாரணை ஆகிவிடும்.

“எல்லாம் அவனுங்க ஆட்டம்ணா. நம்மாளுகள மேல வரவே விடமாட்டானுங்க.”

“எவனுங்கப்பா?”

“அவனுங்கதான். உங்களுக்குத் தெரியாதா?”

“உன்னைய என்ன பண்ணுனாங்க? ஒரு ஆளு பேரு சொல்லு. எந்த மாசம்?”

இந்தக் கேள்விக்குப் பிறகு வரும் மௌனத்தை நிரப்பக் கூடாது. இரண்டு நிமிடம் ஆனாலும் ஸ்பேனரைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

“…சூப்பர்வைசர் ரெண்டு மாச ஓ.டி. காசு தரல. கேட்டதுக்கு, வேணும்னா இரு பாண்டி, இல்லைன்னா போன்னுட்டான்.”

“எத்தனை மணி நேரம்? எழுதி வெச்சிருக்கியா?”

ஒரு சமூகத்தின் மேலிருந்த வெறுப்பு இப்போது ஒரு மேற்பார்வையாளர், இரண்டு மாதம், இத்தனை மணி நேரம் என்று சுருங்கிவிட்டது. சுருங்கியதால் சிறியதாகிவிடவில்லை, கைக்கு அடக்கமாகியிருக்கிறது. இதற்கு மனு எழுத முடியும். வருகைப் பதிவின் படம், வேலைக்குக் கூப்பிட்ட வாட்ஸ்அப் செய்திகள், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்குத் தாள் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே பக்கத்தில் மனு. எல்லைப் பையன்கள் இங்கேதான் தவறுவார்கள். குடியிருக்கும் ஊரில் கொடுப்பார்கள். கூலி தொடர்பான மனு வேலை செய்த இடத்துக்குரிய தொழிலாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். கஞ்சிக்கோட்டு வேலை என்றால் பாலக்காடு, கோவைப் பட்டறை என்றால் கோவை. மனுவைக் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்க வேண்டும். கூடவே போக வேண்டும். மொழி புரியாத மேசை முன்னால் பையன் தனியாக நின்றால், ‘பார்த்தியா, அவனுங்க’ என்று அந்த டெலிகிராம் அண்ணன் சொல்வதற்குப் புதுச் சான்று கிடைத்துவிடும்.

அடி, மிரட்டல் என்று கைதுக்குரிய குற்றமாக இருந்தால் காவல் நிலைய எல்லையைச் சொல்லித் திருப்பி அனுப்புவதற்கு இப்போது சட்டத்தில் இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைதுசெய்யக்கூடிய குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். இதை ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்கிறார்கள். பட்டியல் சாதியினரைச் சாதி சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மாநில எல்லையில் வாழ்கிற ஒவ்வொரு வழிகாட்டிக்கும் இந்த இரண்டும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் சொல்லவே கூடாது. “நான் வாங்கித் தந்துடறேன்.” காசு வராவிட்டால் வழிகாட்டியின் பேச்சும் போகும், சட்டத்தின் மேல் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போகும். “கூட வர்றேன்” என்பது போதும். அது நம் கையில் இருக்கும் வாக்கு.

எல்லா வலிக்கும் அலுவலகம் கிடையாது. வேறொரு மாநிலத்தில் கும்பல் அடித்துக் கொன்ற காட்சியையோ, வேறொரு நாட்டில் குண்டு விழுந்து குழந்தைகள் இறந்த காட்சியையோ பார்த்துப் பையன் உறக்கமின்றி இருந்தால் எந்த மனுவும் உதவாது. “அதையெல்லாம் பாக்காத, உன் வேலையப் பாரு” என்பது அவன் காதில் ‘செத்தவர்கள் உனக்கு யாரோ’ என்று விழும். அவனுடைய துக்கம் நியாயமானது என்று முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு அந்தத் துக்கத்துக்குச் சட்டத்துக்குட்பட்ட ஒரு வேலை தர வேண்டும். இரங்கல் கூட்டம் நடத்த அனுமதிக் கடிதம் எழுதுவது, கணக்கு காட்டுகிற நிவாரண நிதிக்கு வசூல் செய்வது, ரத்ததான முகாமுக்குப் பெயர் சேர்ப்பது. கோபத்தை அடக்கச் சொல்கிறவர்களை இளைஞர்கள் மதிப்பதில்லை. அதற்கு வேலை கொடுக்கிறவர்களை மதிக்கிறார்கள்.

யார் யார், எத்தனை பேர்

இந்த வேலைக்கு ஊரில் ஒரு குழு வேண்டும். ஒரு வார்டுக்கு ஏழு பேருக்கு மேல் வேண்டாம். ஆசிரியர் ஒருவர், குடும்பஸ்ரீ அயல்கூட்டத்திலிருந்து (கேரளத்துப் பெண்கள் சுய உதவிக் குழு) ஒருவர், ஆஷா ஊழியர், பள்ளிவாசல் மகல்லத்திலிருந்தோ கோயில் கமிட்டியிலிருந்தோ தேவாலயத்திலிருந்தோ பேச்சுக்கு மதிப்புள்ள இருவர், பட்டறையோ கடையோ வைத்திருக்கும் ஒருவர், முப்பது வயதுக்குக் கீழ் ஒருவர். கட்சிப் பொறுப்பில் உள்ளவரைச் சேர்த்தால் அடுத்த தேர்தலோடு குழு உடையும். இரண்டு பெண்களாவது இல்லாத குழுவுக்குத் தகவலே வராது. அயல்கூட்டம் வாரந்தோறும் கூடுகிறது. பத்து இருபது வீட்டுச் செய்தி அங்கே தானாக வந்து சேரும்.

குழுவுக்குள் போலீஸ் வேண்டாம். இது போலீஸ் மேல் உள்ள விரோதத்தால் சொல்வதல்ல. பிரிட்டனில் ‘பிரிவென்ட்’ என்ற தீவிரவாதத் தடுப்புத் திட்டத்தை 2015-இல் சட்டக் கடமையாக்கி, சந்தேகம் தோன்றும் மாணவரைப் பற்றித் தெரிவிக்கும் பொறுப்பை ஆசிரியர்கள் மேல் வைத்தார்கள். வகுப்பில் கேள்வி கேட்கவே முஸ்லிம் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்ற புகார் அன்றிலிருந்து ஓயவில்லை. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரம் 2007-இலிருந்து வேறு வழியில் போனது. அங்கே போலீஸ் உண்டு, ஆனால் குற்றம் செய்யாதவனிடம் வழிகாட்டி, படிப்பு, வீடு, வேலை என்றுதான் பேச்சு தொடங்கும். 2013 வரை அங்கிருந்து சுமார் 30 பேர் சிரியாவுக்குப் போயிருந்தார்கள். 2014-இல் ஒரே ஒருவர்தான் போனதாகக் கணக்கு. திட்டம் மட்டுமே காரணம் என்று அறுதியிட முடியாது, ஆனாலும் சந்தேகத்தைவிட அக்கறை அதிக தூரம் போகும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. கேரளத்தில் 2008-இல் தொடங்கிய ஜனமைத்ரி என்ற மக்கள்-போலீஸ் நட்புத் திட்டத்தின் பீட் அலுவலர்கள் ஊருக்குத் தெரிந்த முகம். பொதுக்கூட்டத்துக்கு, ஆட்டப் போட்டிக்கு அவர்களைக் கூப்பிடலாம். பையன்களின் பெயர் பேசப்படும் அறைக்குள் கூப்பிட வேண்டாம்.

ஆனால் ஒரு கோடு உண்டு. அதைத் தொடக்கத்திலேயே பெற்றோருக்கும் சொல்லிவிட வேண்டும். பேச்சு எவ்வளவு கசப்பாக இருந்தாலும் அது நம்மோடு. ஆயுதம், வெடிபொருள், குறிப்பிட்ட ஆளைத் தாக்கும் திட்டம், சண்டைக்கென்று வெளிநாட்டுப் பயணம் ஆகியவற்றின் சாயல் தெரிந்த மணி நேரத்திலேயே 112-க்குச் சொல்லியாக வேண்டும். அங்கே தயங்கினால் இன்னொரு வீட்டுப் பிள்ளை சாகும். சட்ட விரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் ஒருவன் சிக்கினால் குற்றப்பத்திரிகை இல்லாமலேயே 180 நாள்வரை காவலில் வைக்கலாம், பிணை கிடைப்பது மிகக் கடினம். முன்கூட்டியே தடுப்பதன் அருமை அந்தக் குடும்பங்களுக்குத்தான் தெரியும்.

இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் டீக்கடையில். குழுவில் ஒருவர் யாரிடமோ, “அந்தப் பையன் கொஞ்சம் ஒரு மாதிரி” என்று சொல்லிவிடுவார். இரண்டு நாளில் அவன் அக்காவுக்கு வந்த வரன் நிற்கும். ஊரே தன்னைத் தள்ளிவைத்துவிட்டது என்று ஆள் பிடிப்பவன் சொன்ன கதை அன்றைக்கு உண்மையாகிவிடும். ஆகவே குறிப்பேட்டில் பெயர் எழுதக் கூடாது, வாட்ஸ்அப்பில் பேசவே கூடாது, ஒரு பையனைப் பற்றிக் குழுவில் இரண்டு பேருக்கு மேல் தெரிய வேண்டியதில்லை. மனநலச் சிக்கல் என்று தோன்றினால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் 1098.

உட்கார ஓர் இடம் என்று சொன்னேனே, அதற்குப் புதுக் கட்டடம் வேண்டியதில்லை. கேரளத்தின் பெரிய சொத்து வாயனசாலை என்கிற ஊர் நூலகம். மாநில நூலகக் கவுன்சிலில் இணைந்த வாயனசாலைகளுக்கு ஆண்டு மானியமும் வருகிறது. ஆனால் தமிழ் ஊர்களில் உள்ள வாயனசாலையில் தமிழ்ப் பத்திரிகை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு தமிழ் நாளிதழ், ஒரு கேரம் போர்டு, ஒரு வாலிபால் வலை, தேர்வாணையத் தேர்வுக்குப் பழைய வினாத்தாள்கள். போதும். நேரம்தான் முக்கியம். மாலை ஐந்து முதல் ஏழுவரை திறந்து வைத்தால் ஷிப்டு முடிந்து வருகிற பையனுக்குப் பயனில்லை. எட்டு முதல் பத்தரை வரை திறந்திருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும். சாவியைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளக் கூடாது. வாரத்துக்கு ஒரு பையன் என்று முறைவைத்துக் கொடுக்க வேண்டும், வரவுசெலவு நோட்டையும் சேர்த்து.

பதில் கதை

ஆள் பிடிப்பவனின் கதைக்குப் பதில் சொல்வதை ‘மாற்றுக் கதையாடல்’ என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் பலர் ‘தீவிரவாதத்தை ஒழிப்போம்’ என்று பிளக்ஸ் அடிக்கிறார்கள், அரசு முத்திரையோடு குறும்படம் எடுக்கிறார்கள். பையன்கள் அதை ஐந்து நொடிகூடப் பார்ப்பதில்லை. யார் சொல்கிறார் என்பதுதான் பாதிச் செய்தி.

வதந்தி வீடியோவை எடுத்துக்கொள்வோம். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு விவகாரத்தில் குமுளி எல்லை அடைபட்டு, இரு பக்கமும் கடைகளும் வண்டிகளும் தாக்கப்பட்டு, தோட்ட வேலைக்குப் போன தமிழ்ப் பெண்கள் பயந்து ஊர் திரும்பினார்கள். அன்று வதந்தி வாய்மொழியாகப் பரவியது. இன்று அதற்குப் பத்து நிமிடம் போதும். வீடியோ வந்ததும் நிறுத்தி, பலகைகளில் எந்த மொழி, வண்டி எண்ணில் எந்த மாநில எழுத்து, பேருந்தின் நிறம், போலீஸ் உடை, மழையா வெயிலா என்று பார்க்க வேண்டும். நல்ல ஒரு காட்சியைப் படமெடுத்துக் கூகுள் லென்ஸில் போட்டால் பழைய வீடியோ பல நேரம் அகப்பட்டுவிடும். உதட்டசைவும் குரலும் ஒட்டவில்லை என்றால் தமிழ்க் குரலை மேலே ஒட்டியிருக்கிறார்கள்.

மறுப்பை எழுத்தாகப் போடாதீர்கள். குரல் பதிவு, நாற்பது ஐம்பது நொடி, ஊரறிந்த குரல். வதந்தியை முதலில் சொல்லி மறுத்தால் வதந்திதான் நினைவில் நிற்கும், உண்மையை முதலில் சொல்ல வேண்டும். இப்படி இருக்கலாம்: “வணக்கமுங்க, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சைக்கிள் கடை வெச்சிருக்கறவன் பேசறேன். நடுப்புணி ரோட்டுல இன்னிக்கு எந்தத் தகராறும் இல்லீங்க. அஞ்சு மணிக்கு நானே அந்த வழியாத்தான் வந்தேன். இப்ப சுத்திட்டிருக்கற வீடியோல இருக்கற வண்டி நம்பரு நம்ம ரெண்டு ஸ்டேட்டும் இல்லீங்க. அதை அனுப்பாதீங்க. சந்தேகம்னா எனக்குப் போன் போடுங்க.” வீடியோவைக் கூட இணைக்கக் கூடாது. அன்று இரவு ஒன்பதுக்குள் போய்ச் சேர வேண்டும், மறுநாள் காலை என்பது தாமதம். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லவும் கூடாது. ஒருமுறை பொய்யாகிப்போனால் அந்தக் குரல் அத்தோடு முடிந்தது.

வதந்தி வருமுன்பே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. அம்மை ஊசி போல, கொஞ்சம் பொய்யை முன்கூட்டியே காட்டினால் பெரிய பொய் வரும்போது மனம் தாங்கும் என்று 1960-களில் உளவியலாளர் வில்லியம் மக்குவயர் சொன்னார். பன்னிரண்டு பையன்கள், ஒன்றரை மணி நேரம். சாலையில் கூட்டம் ஓடும் ஒரு படம். நான்கு நான்கு பேராகப் பிரிந்து, அந்தப் படத்துக்கு எவ்வளவு கோபம் வரவைக்க முடியுமோ அவ்வளவு கோபம் வரும்படி இரண்டு வரி எழுத வேண்டும். படிக்கும்போது சிரிப்பாக இருக்கும். பிறகு எந்தச் சொல் வேலை செய்தது என்று கேளுங்கள். ‘நம்ம’ என்ற சொல், ‘இன்னும் எத்தனை நாள்’ என்ற கேள்வி, ‘ஷேர் பண்ணாதவன் ஆம்பளையே இல்ல’ என்ற குத்தல். தன் கையால் செய்து பார்த்த தந்திரத்தில் பையன் லேசில் விழ மாட்டான். இதில் ஒரு கவனம். உண்மையான மதம், சாதி, ஊர்ப் பெயர் கூடாது. இரண்டு கிரிக்கெட் அணி ரசிகர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். போன்களை வாசலில் வாங்கி வைத்துவிட்டு, முடிந்ததும் காகிதங்களை அங்கேயே கிழித்துவிட வேண்டும். ஒரே ஒரு படம் வெளியே போனாலும் நாமே ஒரு வதந்தியைப் பெற்றுவிட்டவர்கள் ஆவோம்.

ஏற்கெனவே உள்ளே போய்விட்டவனுக்குச் செய்தி சேர்ப்பது இன்னும் கடினம். ‘எக்ஸிட்’ என்ற ஜெர்மன் அமைப்பு 2011-இல் கேரா நகரில் நடந்த நவநாஜி இசை விழாவில் 250 டி-சர்ட்டுகளை இலவசமாகக் கொடுக்கவைத்தது. மண்டையோடும் கொடியும் அச்சடித்த, அவர்களுக்குப் பிடித்த சட்டை. வீட்டில் துவைத்ததும் அந்த அச்சு போய், ‘உன் சட்டையால் முடிந்தது உன்னாலும் முடியும், வெளியே வர உதவுகிறோம்’ என்ற பொருளில் வேறு வரிகள் தெரிந்தன. அந்த உத்தியைவிட, செய்தி அவனை எட்டிய இடத்தைக் கவனியுங்கள். கூட்டத்தில் அல்ல, வீட்டில், தனியாக இருக்கும்போது. அவமானப்படுத்தாமல்.

பேச்சே இல்லாமலும் பதில் கதை சொல்லலாம். 2022 கார் வெடிப்புக்குப் பிறகு சில நாள்களில் கோவையின் ஜமாஅத் நிர்வாகிகள் அந்தக் கோட்டை ஈஸ்வரன் கோயிலுக்கே போனார்கள், கோயில் தரப்பினர் வரவேற்றார்கள். ‘எந்தச் சமூகமும் அந்தக் காரை ஓட்டி வந்தவனோடு இல்லை’ என்று நூறு அறிக்கை விட்டிருந்தாலும் அந்த ஒரு புகைப்படத்துக்கு ஈடாகாது. இந்த மாதிரி ஒரு காரியத்தை நெருக்கடி வந்த அன்று புதிதாகத் தொடங்க முடியாது. கோயில் கமிட்டிக்காரரின் போன் எண் பள்ளிவாசல் முத்தவல்லியிடம் முன்பே இருக்க வேண்டும். தேரோட்டத்துக்கு மோர்ப் பந்தல், நோன்புக் கஞ்சிக்கு அரிசி என்று ஏற்கெனவே ஊரில் இருக்கும் கொடுக்கல் வாங்கலை விடாமல் காப்பாற்றுவது இந்த வேலையில் சேர்த்தி.

தமிழ்நாட்டுப் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஒரு வார்த்தை. நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிறு சாதிக் கூட்டத்தின் உறுப்பினர் அட்டை. அதை வெட்டிவிட்டால் பாதி வேலைதான் முடிகிறது. கயிறு கட்டியதால் அவனுக்குக் கிடைத்த கூட்டாளிகளுக்கு ஈடாகப் பள்ளி என்ன தருகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கலந்து பிரித்த விளையாட்டு அணி, கலந்து உட்காரும் மதிய உணவு வரிசை, சாரணர், மாணவர் காவல் படை என்று ஏதேனும் ஒரு ‘நாங்கள்’ அவனுக்கு வேண்டும்.

கடைசியாக, சிறை போய்த் திரும்புகிறவன். ஊர்கள் மிக மோசமாகத் தோற்பது இங்கேதான். பிணையில் வந்தவனுக்கு வாடகைக்கு வீடு கிடைக்காது, பழைய முதலாளி சேர்க்கமாட்டார், பள்ளிவாசலிலோ கோயிலிலோ பக்கத்தில் நிற்கத் தயங்குவார்கள். விசாரித்து வருகிற ஒரே ஆள் பழைய கூட்டத்து ஆளாக இருப்பான். முதல் தொண்ணூறு நாளுக்கு இரண்டு பேர் பொறுப்பெடுக்க வேண்டும். ஒருவர் வேலைக்கு, தினக்கூலியாக இருந்தாலும் சரி. இன்னொருவர் வாய்தாவுக்கு. தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ. வழக்கென்றால் தமிழ்நாட்டுக்குப் பூந்தமல்லி, கேரளத்துக்கு எர்ணாகுளம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும், பஸ் ரயில் செலவு போகும். வராமல் போனால் பிணையும் போகும். அடுத்த தேதியை வழிகாட்டி தன் வீட்டுக் காலண்டரில் எழுதி வைத்து, முந்தின நாள் சாயங்காலம் போன் போட்டு, காலையில் பாலக்காடு ஜங்ஷனில் எந்த நடைமேடையில் நிற்பது என்று சொல்லிவிட வேண்டும். சாப்பாட்டுப் பொட்டலம் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வீட்டிலிருந்து வந்தால் இன்னும் நல்லது.